உண்ணி ஒன்றல்ல: மாட்டு உண்ணி, நாய் உண்ணி, 'உண்ணிக் காய்ச்சல்' மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்

#1 கொட்டகைநிழல்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கும் நேரம். வருடா வருடம் இந்த மாதங்களில் இங்கே மூன்று கேள்விகள் மாறி மாறி வரும். மாடு காபித் தண்ணி நிறத்தில் மூத்திரம் போகிறது, என்ன செய்ய? நாய்க்கு மூக்கில் ரத்தம் வருகிறது, உண்ணியாலா? வீட்டில் ஒருவருக்கு 'உண்ணிக் காய்ச்சல்' என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், நாயை அனுப்பிவிடவா? மூன்றையும் ஒரே கணக்கில் போட்டுப் பேசுவதால் மருந்தும் தப்பாகிறது, ஒரு பாவமும் அறியாத நாயும் தெருவுக்குப் போகிறது. எல்லாவற்றையும் ஒரே இழையில் பிரித்து வைத்துவிடலாம். விவரம் தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

உண்ணியிலிருந்தே தொடங்குகிறேன். அது பூச்சி கிடையாது. சிலந்தி, தேள் வகையறா. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு 6 கால், அதற்கடுத்த இளம்பருவத்துக்கும் வளர்ந்ததற்கும் 8 கால். ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை வயிறு நிறைய ரத்தம் குடித்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். முன்னங்கால் நுனியில் சின்னக் குழி மாதிரி ஓர் உறுப்பு இருக்கிறது. நம் மூச்சுக்காற்று, உடம்புச் சூடு, வாடை எல்லாம் அதற்கு அங்கேதான் தெரிகிறது. புல் நுனியில் ஏறி முன்னங்காலை விரித்துக்கொண்டு காத்திருப்பது அதனால்தான்.

நம் பக்கத்தில் அடையாளம் தெரிந்திருக்க வேண்டிய வகைகள் நான்கு.

முதலாவது சாதாரண மாட்டு உண்ணி, ரிபிசெஃபாலஸ் மைக்ரோப்ளஸ். குஞ்சாக ஏறியதோ அதே மாட்டிலேயே குடித்து, தோலுரித்து, வளர்ந்து, இணைசேர்ந்து, ஏறக்குறைய 3 வாரத்தில் வயிறு முட்டிய பெண் மட்டும் கீழே விழும். விழும்போது ஆமணக்குக் கொட்டை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் உப்பியிருக்கும். சாணிக்கடியிலோ கல் இடுக்கிலோ போய் 2000 முதல் 3000 முட்டை இட்டுவிட்டுச் செத்துவிடும்.

இரண்டாவது ஹயலோமா. கால்களில் வெள்ளை வளையம் வளையமாகப் பட்டை தெரியும், வாய்ப்பகுதி நீளம், ஓட்டம் வேகம். கையில் எடுத்தால் நிற்காது. இதற்கு ஒரே மாடு போதாது. இடையில் இறங்கி, கொட்டகைச் சுவர் இடுக்கில் தோலுரித்துவிட்டு இன்னொரு மாட்டில் ஏறும்.

மூன்றாவது பழுப்பு நாய் உண்ணி. மூன்று பருவத்துக்கும் மூன்று முறை நாயைவிட்டு இறங்கும். வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தக்கூடியது இது ஒன்றுதான்.

நான்காவது மலைக்காட்டு உண்ணியான ஹீமஃபைசாலிஸ். அதைக் காடு தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

#2 மூணுகறவை

அண்ணே, வாரம் இரண்டு தரம் டெல்டாமெத்ரின் என்ற உண்ணி மருந்து அடித்தும் உண்ணி குறையவில்லை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். லிட்டருக்கு 2 மில்லிதான் கலக்கிறார்கள். பூச்செடிக்கு அடிக்கிற கைத்தெளிப்பானில் அரை லிட்டர் போட்டு இரண்டு மாட்டுக்கு அடிப்பதுதான் வழக்கம். மருந்து போலியா, உண்ணி பழகிவிட்டதா?

#3 கொட்டகைநிழல்

தம்பி, போலி என்று சந்தேகப்படுமுன் அந்த அரை லிட்டரைப் பாருங்கள். கோளாறே அங்கேதான். வளர்ந்த மாடு ஒன்றுக்கு 4, 5 லிட்டர் கரைசலாவது வேண்டும். மயிர் நனைந்தால் போதாது, தோல் நனைந்து வயிற்றடியில் சொட்ட வேண்டும். உண்ணி இருக்கும் இடமெல்லாம் தெளிப்பு போகாத இடம்: காதுக்குள், அலைதாடி மடிப்பு, முன்தொடை இடுக்கு, மடிக்கும் தொடைக்கும் நடுவே, வாலடி, குளம்பு இடுக்கு. முதுகில் மட்டும் அடித்தால் ஈ போகும், உண்ணி போகாது. காதுக்கும் வாலடிக்கும் பஞ்சில் நனைத்துத் தேய்க்க வேண்டும். முதுகுப்பக்கமிருந்து தொடங்கி மயிரின் எதிர்ப்போக்கில் அடியுங்கள்.

அளவு: 1.25 சதவீத டெல்டாமெத்ரின் என்றால் லிட்டருக்கு 2 மில்லி. 12.5 சதவீத அமிட்ராஸ் (வேறொரு உண்ணி மருந்து) என்றாலும் லிட்டருக்கு 2 மில்லிதான். சதவீதம் வேறான புட்டிகளும் கடையில் இருப்பதால் 'மூடிக்கு ஒரு வாளி' கணக்கு ஆபத்து. லேபிளைப் பார்த்து, ஊசிபோடும் சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். அமிட்ராஸைக் கலக்கிய அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்காதீர்கள். குதிரைக்கு அமிட்ராஸ் கூடவே கூடாது, குடல் அசைவு நின்று வயிறு கட்டிக்கொள்ளும்.

அடிக்குமுன் மாட்டுக்கு வயிறாரத் தண்ணீர் காட்டுங்கள். தாகத்தோடு இருக்கும் மாடு உடம்பில் வழிவதை நக்கும். உச்சி வெயிலில் அடிக்க வேண்டாம். புண் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பால் கறந்த பிறகு அடித்து, அடுத்த கறவைக்கு முன் மடியை நன்றாகக் கழுவுங்கள். அடிப்பவர் காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். கையுறை, முகக்கவசம் கட்டாயம்.

வாரம் இரண்டு தரம் அடிப்பது வீண். மாட்டு உண்ணி ஒரு மாட்டில் இருக்கும் காலம் 3 வாரம். முதல் தெளிப்பைச் சரியாகச் செய்துவிட்டு அடுத்த கூட்டம் முதிர்ந்து விழுமுன், அதாவது 21 நாளுக்குள், மறுபடி பிடித்தால் முட்டையிடும் பெண் கீழே விழாது. இப்படித் தொடர்ந்து 4, 5 சுற்று போனால்தான் மேய்ச்சல் நிலத்தில் உள்ள குஞ்சுகளின் எண்ணிக்கை இறங்கும். பட்டினியாகவே மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடியவை அவை. பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை மாட்டுக்கு அடிக்காதீர்கள். வாயில் நுரை, நடுக்கம், மூச்சுத்திணறல் என்று ஒரு மணி நேரத்தில் மாடு சாய்ந்துவிடும்.

#4 வேம்பும்வசம்பும்

கொட்டகைக்கு மருந்து அடிப்பதைப் பற்றியும் எழுதுங்கள் டாக்டர். பலர் சுண்ணாம்புக் கரைசலிலேயே டெல்டாமெத்ரினைக் கலந்து சுவருக்குப் பூசுகிறார்கள். ஒரே செலவில் இரண்டு வேலை என்று நினைப்பு.

மூலிகைப் பக்கம் என் பங்கு. பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டித் தெளிக்கலாம், அல்லது துணியில் நனைத்துத் துடைக்கலாம். சுவர் இடுக்கிலும் அடிக்க வேண்டும். இதை மட்டும் வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். வாரம் ஒருமுறை, உண்ணி ஓயும்வரை. வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும், அதோடு பலர் விட்டுவிடுகிறார்கள்.

#5 கொட்டகைநிழல்

சுண்ணாம்பு கதை நல்லவேளை எழுந்தது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் இரண்டுமே காரத்தன்மையில் சிதைந்துவிடும். சுண்ணாம்போடு கலந்தால் மருந்து வாளியிலேயே செத்துப்போகிறது. இடுக்கை முதலில் சிமெண்டால் அடையுங்கள், சுண்ணாம்பு அடித்துக் காயவிடுங்கள், உண்ணி மருந்தைத் தனியாக இன்னொரு நாள் அடியுங்கள். கல்சுவரும் மண்சுவரும் உள்ள கொட்டகையில் ஹயலோமா அதிகம் இருப்பதற்கு இந்த இடுக்குகள்தான் காரணம். தீவட்டி காட்டி இடுக்கைச் சுடுவதும் பலன் தரும், கூரை ஓலையாக இல்லாத பட்சத்தில்.

மூலிகைக் கலவையை நான் எதிர்க்கவில்லை அம்மா. பத்து இருபது உண்ணி உள்ள மாட்டுக்கு, கறவையில் இருக்கும் மாட்டுக்கு, கன்றுக்கு அது நல்ல வழி. காது முழுக்கக் கொத்துக் கொத்தாகத் தொங்கும்போது அதை மட்டும் நம்பி மூன்று வாரம் கழித்தால் அதற்குள் காய்ச்சல் வந்துவிடும்.

ஐவர்மெக்டின் ஊசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1 சதவீத மருந்து 50 கிலோ எடைக்கு 1 மில்லி, தோலுக்கடியில். கறவை மாட்டுக்குப் போடக்கூடாது, பாலில் நாட்கணக்கில் இறங்கும். 'ஊசி போட்டால் வேலை முடிந்தது' என்று கறவைக்கும் போட்டுவிட்டு அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுப்பது மனசுக்கு வேதனையான பழக்கம்.

#6 ஆய்வகமேசை

உண்ணி மருந்துக்குப் பழகிவிட்டதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். மருந்து அடித்து ஒரு மாதமாவது ஆன மாட்டிலிருந்து, வயிறு முட்டிய பெண் உண்ணி 20 எடுங்கள். 10 உண்ணியை நீங்கள் அடிக்கும் அதே கரைசலில் 2 நிமிடம் மூழ்கவைத்து, ஒற்றித்தாளில் உலர்த்தி ஒரு புட்டியில் போட்டு மெல்லிய துணியால் வாய் கட்டுங்கள். மீதி 10 வெறும் தண்ணீரில் மூழ்கி இன்னொரு புட்டிக்கு. இரண்டையும் வெயில் படாத, கொஞ்சம் ஈரப்பதமான இடத்தில் 14 நாள் வையுங்கள். தண்ணீர்ப் புட்டியில் கசகசாவைக் குவித்து ஒட்டிய மாதிரி பழுப்பாக முட்டைக் குவியல் வரும். மருந்துப் புட்டியிலும் அதே அளவு வந்தால் அந்த மருந்து உங்கள் கொட்டகைக்கு இனி உதவாது. ஆய்வகத்தில் இதையே எடை போட்டு, செறிவு மாற்றிச் செய்வார்கள். பார்த்து முடித்ததும் இரண்டு புட்டியையும் கொதிநீரில் போட்டுவிடுங்கள், வெளியே கொட்டிவிடாதீர்கள்.

பழகிவிட்டது என்று தெரிந்தால் டெல்டாமெத்ரினிலிருந்து சைபர்மெத்ரினுக்கு மாறுவதில் அர்த்தம் இல்லை. புட்டியின் பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே குடும்பம்; ஒன்றைத் தாங்கியது மற்றதையும் தாங்கும். அமிட்ராஸ் வேறு குடும்பம், அதற்கு மாறலாம். இந்தியாவில் பல மாநிலங்களில் மாட்டு உண்ணி டெல்டாமெத்ரினைத் தாங்குவது பதிவாகியிருக்கிறது. பாதி அளவில் அடித்துப் பழக்கியதன் பலன் அது.

இப்போது மாட்டு நோய்கள். உண்ணி குடிக்கும் ரத்தத்தைவிட அது இறக்கிவிட்டுப் போகும் கிருமிதான் மாட்டைச் சாய்ப்பது. அப்படி மூன்று கிருமிகளைப் பார்ப்போம்: பேபிசியா, தைலேரியா, அனாப்ளாஸ்மா.

பேபிசியா சிவப்பணுவுக்குள் நுழைந்து அதை உடைக்கும். உடைந்த சிவப்பு மூத்திரத்தில் இறங்குவதால் காபி நிறம். காய்ச்சல் 104, 105 டிகிரி, கண் இமையின் உட்பக்கம் வெளுத்துவிடும். இதைப் பரப்புவது மாட்டு உண்ணி. தாய் உண்ணி வாங்கிய கிருமி முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போய்விடும். அதனால், இதுவரை எந்த மாட்டையும் கடிக்காத குஞ்சுகூட நோயோடுதான் பிறக்கிறது.

தைலேரியாவைக் கொண்டுவருவது ஹயலோமா. இங்கே கிருமி முட்டை வழியாகப் போகாது. ஒரு பருவத்தில் வாங்கியதை அடுத்த பருவத்தில் இன்னொரு மாட்டுக்குக் கொடுக்கும். முதல் அடையாளம் நெறி கட்டுவது. முன்தோளுக்கு முன்னே கைவைத்தால் கோழிமுட்டை அளவுக்கு உருளும். காய்ச்சல் 105, 106 என்று நிற்கும், மூச்சு வாங்கும், தீனி எடுக்காது. மூத்திரம் பெரும்பாலும் சிவக்காது. நாட்டு மாடு ஓரளவு தாங்கும்; ஜெர்சி, எச்.எஃப். கலப்பினம் தாங்காது, கன்றுகள் சட்டென்று போய்விடும்.

அனாப்ளாஸ்மாவில் ரத்தசோகை, மஞ்சள் காமாலை, மலச்சிக்கல். மூத்திரம் மஞ்சளாகுமே தவிரச் சிவக்காது. உண்ணி மட்டும் இல்லை, கடிக்கும் ஈயும் பரப்பும், ஒரே ஊசியை மாடு மாடாகப் போடுவதும் பரப்பும். ஊசியை மாற்றுங்கள்.

ரத்தப்பூச்சு எடுக்கும் முறை நோயைப் பிடிப்பதில் பாதி வேலை. காது நுனி மயிரை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, நுனி நரம்பில் குத்தி வரும் முதல் சொட்டையே கண்ணாடித்தகட்டில் மெல்லிசாக இழுங்கள். பேபிசியா உள்ள சிவப்பணு நுண்குழாய்களில் தேங்கும், கழுத்து நரம்பு ரத்தத்தில் குறைவாகத்தான் கிடைக்கும். பூச்சை ஊதி உலர்த்தக் கூடாது, விசிறி உலர்த்துங்கள். மெத்தனாலில் முக்கி நிலைநிறுத்திய பின்தான் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படியே அனுப்பினால் வழியிலேயே ஈ நக்கிவிடும், ஈரம் சிவப்பணுவைக் கரைத்துவிடும். முக்கியமாக, மருந்து போடுமுன் எடுங்கள். முதல் ஊசிக்குப் பிறகு எடுத்த பூச்சில் கிருமி தெரியாததால் 'நோய் இல்லை' என்று ஆகிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

#7 மூணுகறவை

கன்று ஈன்ற இரண்டு மூன்று வாரத்திலும் சிலதுக்குச் சிவப்பு மூத்திரம் வருகிறதே. அதுவும் பேபிசியாதானா?

#8 கொட்டகைநிழல்

நல்ல கேள்வி. தெர்மாமீட்டர்தான் பிரித்துக் காட்டும். கன்று ஈன்ற கொஞ்ச நாளில், நன்றாகக் கறக்கும் மாட்டுக்கு, காய்ச்சலே இல்லாமல் சிவப்பு மூத்திரம் என்றால் பாஸ்பரஸ் குறைவு முதல் சந்தேகம். அதற்குப் பேபிசியா மருந்து போட்டுப் பயனில்லை, பாஸ்பரஸ் ஏற்ற வேண்டும். காய்ச்சலும் உண்ணியும் சேர்ந்திருந்தால் பேபிசியா. ஆசனவாயில் 2 நிமிடம் வைத்துப் பார்த்த காய்ச்சலைத்தான் டாக்டருக்குச் சொல்லுங்கள். காதைத் தொட்டுப்பார்த்துச் சொல்வது கணக்கில் சேராது.

மருந்துகள் தெரிந்துகொள்வதற்காக: பேபிசியாவுக்கு டைமினசின், கிலோ எடைக்கு 3.5 மி.கி., தசையில். தைலேரியாவுக்கு புபார்வாகுவோன், கிலோவுக்கு 2.5 மி.கி. 5 சதவீத மருந்தில் 20 கிலோவுக்கு 1 மில்லி. 300 கிலோ மாட்டுக்கு 15 மில்லி, அதை இரண்டு இடமாகப் பிரித்து ஆழமாகப் போடுவார்கள். அனாப்ளாஸ்மாவுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின். தைலேரியாவில் காலம் கடந்தால் மருந்து ஏறியும் மாடு தேறாது. நெறி கட்டிய அன்றே கூப்பிடுங்கள். கலப்பினக் கன்று நிறைய வைத்திருப்பவர்கள் தைலேரியாத் தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள், இந்தியாவிலேயே தயாராகிறது.

#9 தெருநாய்த்தோழி

நாய்ப் பக்கம் நான் எழுதுகிறேன். முதல் தப்பு, நாயை மட்டும் குளிப்பாட்டுவது. நாய்மேல் தெரிவது வீட்டிலுள்ள உண்ணியில் ஒரு சிறு பங்குதான். குடித்து முடித்த நாய் உண்ணி கீழே விழுந்ததும் மேலே ஏறும். கதவு நிலை இடுக்கு, மாட்டியிருக்கும் காலண்டர், சாமிபடத்தின் பின்பக்கம், ஸ்விட்ச் பெட்டி, கட்டில் மூலை, திரைச்சீலை மடிப்பு, இங்கெல்லாம் பாருங்கள். ஒரு பெண் 4000 முட்டைவரை இடும். வளர்ந்த உண்ணி தீனியே இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். 'நாயை இரண்டு மாதம் வெளியூர் அனுப்பிவிட்டோம், வந்ததும் மறுபடி உண்ணி' என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

நாய்க்கு இப்போது மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. ஃப்ளுராலனர் 12 வாரம், அஃபாக்ஸோலனர் ஒரு மாதம், சரோலனர் 35 நாள். உண்ணி கடித்த பிறகுதான் சாகும், ஆனால் முட்டையிடுமுன் செத்துவிடும். வீட்டிலுள்ள உண்ணியெல்லாம் ஒவ்வொன்றாக நாய்மேல் ஏறித் தீர்ந்துபோகும் வகையில் குறைந்தது 3, 4 மாதம் இடைவெளி விடாமல் கொடுக்க வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எடைக்கேற்ற மாத்திரையைத்தான் வாங்க வேண்டும். பெரிய மாத்திரையை வெட்டி இரண்டு நாய்க்குப் பங்கு போட்டால் மருந்து சமமாகப் பிரிந்திருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

நோய்களில் இங்கே அதிகம் பார்ப்பது எர்லிக்கியா. இது வெள்ளையணுவில் உட்காரும் பாக்டீரியா. காய்ச்சல், சாப்பாடு எடுக்காமை, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு இறங்கி மூக்கில் ரத்தம், வயிற்றில் ஊசி குத்தின மாதிரிச் சிவப்புப் புள்ளிகள். சில நாளில் தானே தேறிய மாதிரி தெரியும். அந்தத் தேறல் பொய். கிருமி உள்ளே பதுங்கி, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பிடிக்கும். அந்த நிலைக்குப் போன நாயை மீட்பது கடினம், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ரொம்பவே கடினம்.

சிகிச்சை டாக்ஸிசைக்ளின், கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 மி.கி., 28 நாள். மூன்றாம் நாளே நாய் ஓடியாடும், ஐந்தாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தயிர்சாதத்தில் வைத்தும் கொடுக்காதீர்கள், பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். கறி கலந்த சோற்றில் வைத்துக் கொடுத்துப் பின்னாலேயே தண்ணீர் குடிக்கவையுங்கள். வெறும் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாய் புண்ணாகும்.

பேபிசியா கிப்சோனி தென்னிந்திய நாய்களில் நிறைய. ஈறு வெளுப்பு, மண்ணீரல் வீக்கம், சோர்வு. மாட்டுக்குப் போடும் டைமினசினை நாய்க்குக் கையளவாகப் போட்டுவிடக் கூடாது. நாய்க்கு அதில் பாதுகாப்பு இடைவெளி குறுகியது, நரம்பைத் தாக்கும். கிப்சோனிக்கு அது சரியாகக் கேட்பதும் இல்லை. அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 10 நாள் கொடுப்பது வேறு பாதை, டாக்டர் முடிவு செய்வார்.

ஹெபடோசூன் என்று இன்னொரு கிருமி இருக்கிறது, அது கடியால் வராது. நாய் தன் மேலுள்ள உண்ணியைக் கடித்து விழுங்குவதால் வரும்.

#10 பூனைக்கூடு

அக்கா, நாய்க்கு முதுகில் சொட்டும் மருந்து மீதி இருக்கிறது. பூனைக்குக் கொஞ்சம் விடலாமா?

#11 தெருநாய்த்தோழி

விடவே கூடாது தங்கம். நாய்ச் சொட்டுமருந்து பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அதை உடைக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, சில மணி நேரத்தில் உயிர்போகும். மருந்து விட்ட நாயோடு பூனை உரசிப் படுப்பதையும் காயும்வரை தடுக்க வேண்டும். தெரியாமல் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பால் வெதுவெதுப்பான நீரில் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை. அதே போல கோலி இன நாய்களுக்கு ஐவர்மெக்டின் நரம்பு விஷமாகும்.

#12 கைநாடி

மனிதர் பக்கம். தமிழ்நாட்டில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். பெயரில் உண்ணி இருந்தாலும் அதைக் கொண்டுவருவது உண்ணி இல்லை. புதர், புல், வரப்பு ஓரங்களில் இருக்கும் மைட் என்ற மிக நுண்ணிய உயிரின் குஞ்சு, கண்ணுக்கே அநேகமாகத் தெரியாது, கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் குஞ்சுப் பருவம் மட்டும்தான் கடிக்கும். வீட்டு நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யாராவது இந்தக் காரணத்துக்காக நாயை விரட்டினால் தடுத்து இதைச் சொல்லுங்கள்.

கடிபட்டு 6 முதல் 21 நாளில் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பு வலி. கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு விளிம்பு. அது வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்புக்கயிறு கட்டும் இடம், மார்புக்கடி, காதுக்குப் பின், முழங்கால் மடிப்பு, இவ்வளவு இடத்தையும் உடையை விலக்கிப் பார்த்தால்தான் கிடைக்கும். ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலுக்கு டெங்கு, டைபாய்டு பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தால் இதைத் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

உண்ணியே பரப்பும் இன்னொன்றும் இங்கே உண்டு, இந்திய உண்ணி டைபஸ். ரிக்கெட்சியா கொனோரி என்ற கிருமி, நாய் உண்ணி வழியாக வருவது. இதில் மூன்றாம் நான்காம் நாளில் சிவப்புத் தடிப்பு வரும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட. டெங்குத் தடிப்பு என்று ஒதுக்கிவிடுவது ஆபத்து.

இரண்டுக்கும் மருந்து டாக்ஸிசைக்ளின், பெரியவர்களுக்கு 100 மி.கி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 7 நாள். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். கிருமி செல்லுக்குள் வாழ்வதால் பென்சிலின் வகையும் செஃப்ட்ரியாக்ஸோன் வகையும் அதைத் தொடாது. 'ஐந்து நாள் ஊசி போட்டும் குறையவில்லை' என்ற கதை பெரும்பாலும் இப்படித்தான். ஆரம்பத்திலேயே சரியான மருந்து கிடைத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் அடிவாங்கும். வெயில்-ஃபெலிக்ஸ் என்ற ரத்தப் பரிசோதனையில் ஓ.எக்ஸ்.-கே என்ற அளவு கூடினால் ஸ்க்ரப் டைபஸ் பக்கம் காட்டும், ஆனால் அது இல்லை என்று வந்ததை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனை அதைவிட மேல், அதுவும் முதல் வாரத்தில் தப்பலாம்.

அமெரிக்க இணையப் பக்கங்களைப் படித்துவிட்டு 'வட்டமாகச் சிவக்கவில்லை, அதனால் பயமில்லை' என்கிறார்கள் சிலர். அது லைம் நோயின் அடையாளம். அதைப் பரப்பும் மான் உண்ணி வேறு இனம். இங்கே தேட வேண்டியது கருத்த பொருக்கும் காய்ச்சலும்.

#13 காட்டுவழி

கூடலூர், மசினகுடிப் பக்கம் போகிறவர்களுக்கும் அங்கேயே வாழ்கிறவர்களுக்கும் இது. கியாசனூர்க் காட்டு நோய், கன்னடத்தில் குரங்குக் காய்ச்சல். 1957-இல் ஷிமோகா மாவட்டக் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்தாகச் செத்தபோது தெரியவந்த வைரஸ். ஹீமஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணி கொண்டுவருகிறது. 2012-13-இல் பந்திப்பூரிலும் அதை ஒட்டிய நீலகிரிக் காட்டிலும் குரங்குகளில் கண்டார்கள், பிறகு வயநாட்டிலும் மனிதர்களுக்கு வந்தது.

மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் இளம்பருவம், எள்ளைவிடச் சின்னது. அது காட்டில் பெருகுவது டிசம்பரிலிருந்து மே வரை. சருகு வாரவும் விறகு பொறுக்கவும் போகும் மாதங்களும் அவையே. கடித்து 3 முதல் 8 நாளில் திடீர்க் காய்ச்சல், கண் சிவப்பு, எழவே முடியாத உடம்பு வலி, சிலருக்கு ஈறில் ரத்தம். தேறிய ஒன்றிரண்டு வாரத்தில் சிலருக்கு மறுபடி காய்ச்சல், கழுத்து விறைப்பு, நடுக்கம் என்று இரண்டாம் சுற்று வரும். நூற்றில் 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்தும் ரத்தமும் கவனித்துத்தான் காப்பாற்ற வேண்டும். டாக்ஸிசைக்ளின் இதற்குக் கேட்காது, இது வைரஸ்.

செத்த குரங்கைக் கண்டால் கிட்டே போகாதீர்கள். உடம்பு ஆறியதும் அதிலுள்ள உண்ணிகள் எல்லாம் இறங்கி அந்த இடத்தில் கொத்தாகக் காத்திருக்கும். இடத்தை மனதில் வைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். முழுக்கை, பேண்டை சாக்ஸுக்குள் சொருகுவது, தரையில் சருகுமேல் உட்காராமல் இருப்பது, திரும்பியதும் உடுப்பைக் கொதிநீரில் போட்டு உடம்பு முழுக்கச் சோப்புத் தேய்த்துக் குளிப்பது, இவைதான் நம் கையில் இருப்பவை.

#14 மூணுகறவை

ஒட்டியிருக்கும் உண்ணியை எடுப்பது எப்படி என்று ஒருவர் தெளிவாக எழுதுங்கள். மண்ணெண்ணெய், சூடம், அணைத்த தீக்குச்சி, நகப்பாலிஷ் என்று ஊருக்கொரு முறை சொல்கிறார்கள்.

#15 கைநாடி

அவை எதுவும் வேண்டாம். உண்ணியின் வாய்க்குழலில் பின்னோக்கிய முட்கள் இருக்கும், பல இனங்கள் பசை மாதிரி ஒன்றையும் சுரந்து ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயோ சூடோ பட்டால் அது உடனே விடாது. திணறும்போது குடலில் இருப்பதைக் கடிவாயில் கக்கும் வாய்ப்புத்தான் கூடுகிறது.

நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி, தலைப்பக்கம் பிடியுங்கள். வயிற்றைப் பிடிக்கவே கூடாது, அது ஊசிக்குழல் அமுக்கின மாதிரி. நேர் மேலாக, ஒரே சீராக இழுங்கள், வெடுக்கென்று வேண்டாம். தோல் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும், அப்படியே சில நொடி பிடித்திருந்தால் விட்டுவிடும். வாய்த்துண்டு உள்ளே நின்றுவிட்டால் தோண்டாதீர்கள், தோலே தள்ளிவிடும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். எர்லிக்கியா நாய்க்கு 3 மணி நேரக் கடியிலேயே ஏறலாம் என்று சோதனையில் தெரிந்திருக்கிறது, அதனால் 'சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள்.

நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கத்தை விட வேண்டும். இந்தியாவில் முதலில் 2011 ஜனவரியில் குஜராத்தில் உறுதியான கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் ஹயலோமா வழியாகப் பரவுவது. நசுக்கிய உண்ணியின் சாறு விரல் வெடிப்பில் பட்டாலே போதும். மாடு பிடிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

#16 ஆய்வகமேசை

எடுத்ததை எறியாமல் சின்னப் புட்டியில் 70 சதவீத ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு வைத்தால், பின்னால் காய்ச்சல் வந்தால் எந்த இனம் என்று பார்க்க முடியும். சானிடைசர் களிம்பு வேண்டாம், ஒட்டிக்கொண்டு கால்கள் உடையும். தேதி, இடம், எந்த உயிரின் மேல் எடுத்தது என்று ஒரு துண்டுக்காகிதத்தில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். அந்தத் தேதியிலிருந்து மூன்று வாரம் வரை காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.